கவிதைக்குக் கவிஞரே சாட்சியா? கலாப்ரியாவின் தொடக்கக் கவிதைகளும் நினைவு நூல்களும்

கலாப்ரியாவின் ‘வெள்ளம்’, ‘தீர்த்தயாத்திரை’ என்ற இரண்டு சிறு தொகுப்புகளும் 1973இல் வந்தன. அப்போது அவருக்கு வயது 23. ‘நினைவின் தாழ்வாரங்கள்’ வந்தது 2009இல். அறுபதைத் தொடவிருந்த மனிதர், தன் இளமைக் கவிதைகள் எந்தத் தெருவிலிருந்து, எந்த முகத்திலிருந்து, எந்தத் தியேட்டரின் இருட்டிலிருந்து புறப்பட்டவை என்று உரைநடையில் சொல்லத் தொடங்கினார். ‘ஓடும் நதி’, ‘உருள் பெருந்தேர்’, ‘சுவரொட்டி’ என்று அந்த வரிசை நீண்டது. பிறகு வந்த ‘வேனல்’ நாவலும் அதே திருநெல்வேலிக்குள்தான் நடமாடியது. இன்று கலாப்ரியாவைப் புதிதாகத் தேடிவருகிற வாசகர் பெரும்பாலும் இந்த உரைநடை வழியாகவே உள்ளே நுழைகிறார். அங்கே கிடைத்த சாவியை எடுத்துக்கொண்டு கவிதைகளைத் திறக்கப் பார்க்கிறார். கவிஞரே கொடுத்த சாவியாயிற்றே, சந்தேகப்பட என்ன இருக்கிறது என்று அவருக்குத் தோன்றுவது இயல்பு. எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அந்த உரைநடை நல்ல உரைநடை என்பதாலேயே சந்தேகம் கூடுகிறது.

இந்த வழக்கை நடத்தத் திருநெல்வேலி பொருத்தமான ஊர். ரசிகமணி டி.கே.சி. வட்டத்தொட்டி என்ற இலக்கியச் சபையைக் கூட்டியது இங்கேதான். அங்கே பாட்டை வாய்விட்டுப் படிப்பார்கள். பிடித்துவிட்டால் திரும்பத் திரும்பப் படிப்பார்கள். பாடியவன் யாரை நினைத்துப் பாடினான், அன்றைக்கு அவன் வீட்டு நிலைமை என்ன என்பதெல்லாம் அந்தச் சபையில் எடுபடாது. டி.கே.சி. இந்த முறையை வரம்பு மீறிக் கொண்டுபோனார் என்பது உண்மை. தன் காதுக்கு உயிரில்லை என்று பட்ட பாட்டுகளைக் கம்பன் பாட்டே இல்லை என்று ஒதுக்கியதை எந்தப் பதிப்பாசிரியரும் ஏற்கமாட்டார். ஆனாலும் பாட்டுக்கு முதல் சாட்சி பாட்டுதான் என்ற அவருடைய அடிப்படையில் பிழை இல்லை. டி.கே.சி. கடைசிக் காலத்தைக் கழித்த அதே குற்றாலத்தில்தான் கலாப்ரியாவும் பின்னாளில் கவிஞர்களைக் கூட்டிப் பட்டறைகள் நடத்தினார். கவிதையைக் கவிதையாக மட்டும் வைத்துப் பேசும் பழக்கம் அவருக்குப் புதிதல்ல என்று சொல்லவே இதைக் குறிப்பிடுகிறேன்.

நினைவு நூல்கள் உண்மையிலேயே உதவுகிற இடம் ஒன்று உண்டு. அதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

1969 பிப்ரவரியில் அண்ணா மறைந்தபோது எழுதிய இரங்கற்பாவில் கலாப்ரியாவின் எழுத்து தொடங்குகிறது. வண்ணநிலவன் நடத்திய ‘பொருநை’ கையெழுத்துப் பத்திரிகையில் எழுதும்போது அவரே தனக்குக் கலாப்ரியா என்று பெயர் வைத்துக்கொண்டார். வீட்டில் வைத்த சோமசுந்தரம் வங்கி வேலைக்கு மட்டும் என்றாகிவிட்டது. பிறகு கசடதபற, வானம்பாடி, கணையாழி, தீபம் ஆகிய இதழ்கள். இந்த வரிசையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1970இல் தொடங்கிய கசடதபறவைச் சுற்றியிருந்தவர்களுக்குக் கழக மேடைத் தமிழும் எம்.ஜி.ஆர். படமும் ஏளனத்துக்குரியவை. புதுக்கவிதைக்குள் வந்தவர்களில் பலர் ஆங்கில வகுப்பறை வழியாகவோ ‘எழுத்து’ பத்திரிகை வழியாகவோ வந்தவர்கள். கலாப்ரியா வந்த வழி வேறு. அவர் எம்.ஜி.ஆர். ரசிகர், திராவிட இயக்கக் கூட்டங்களில் வளர்ந்த காது அவருக்கு. அலங்காரத் தமிழை வெறுத்த கசடதபறவிலும் முழக்கத்தை விரும்பிய வானம்பாடியிலும் ஒரே ஆள் எழுத முடிந்தது என்றால், இரண்டு பக்கத்துக்கும் முழுசாகச் சொந்தமில்லாத ஒரு மனம் அங்கே வேலை செய்திருக்கிறது. ஊர்வலம், கொடி, ரசிகர் மன்றத்துச் சண்டை என்று நினைவு நூல்கள் விரிவாக எழுதிக்காட்டும் உலகம் இல்லையென்றால் இந்த மூலத்தை நாம் தவறவிட்டிருப்போம். கலாப்ரியாவையும் மொழிபெயர்ப்புக் கவிதையின் இன்னொரு பிள்ளை என்று கணக்கில் எழுதியிருப்போம். இந்த அளவில் கவிஞரின் சாட்சியம் செல்லும். அது வரலாறு, அவர் நேரில் கண்டது.

சிக்கல் வருவது, அதே சாட்சி கவிதையின் உள்ளே கைநீட்டும்போது.

சினிமாவையே எடுத்துக்கொள்ளலாம். நினைவு நூல்களில் சினிமா பேசுபொருளாக வருகிறது. டவுன் தியேட்டர்கள், ராயலும் பார்வதியும் ரத்னாவும், சுவரில் ஈரம் காயாத போஸ்டர், முதல் நாள் டிக்கெட்டுக்கான நெரிசல், ஒரு பாட்டைக் கேட்டால் உடனே ஞாபகத்துக்கு வரும் ஒரு முகம். படிக்க அலுக்காத பக்கங்கள் இவை. ஆனால் அவர் கவிதைக்குச் சினிமா கொடுத்தது பேசுபொருளையா? தொடக்கக் கவிதைகளைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். ஒரு வரியில் தெருவோரத்து அவலம் ஒன்று தெரியும். அடுத்த வரியில் அது இருக்காது. ஒரு வீட்டு நடையோ யாரோ ஒருத்தியின் நிழலோ வந்திருக்கும். நடுவில் ‘ஆகவே’ கிடையாது, ‘அதுபோல’ கிடையாது. உவம உருபை நம்பியே ஆயிரம் வருஷம் ஓடிய ஒரு மரபில், இரண்டு காட்சிகளை வெறுமனே ஒட்டி வைத்துவிட்டு விலகிக்கொள்ளும் துணிச்சல் எங்கிருந்து வந்தது? எடிட்டிங் மேசையிலிருந்துதான் என்று நான் நினைக்கிறேன். காட்சி வெட்டப்படும் வேகத்தைத் தினமும் திரையில் பார்த்துப் பழகிய கண் அதைத் தாளில் செய்து பார்த்திருக்கிறது. சினிமா அவருக்குக் கொடுத்த பெரிய கொடை இலக்கணம். நினைவு நூல்கள் அந்தக் கொடையை விட்டுவிட்டு, பாட்டையும் போஸ்டரையும் நம் கையில் கொடுக்கின்றன. கவிஞர் பொய் சொல்கிறார் என்று இதற்குப் பொருளில்லை. தனக்கு எது பிரியமாக இருந்தது என்று சொல்கிறார். தன் கைக்கு எது பழகிப்போயிற்று என்பது அவரவருக்குத் தெரிவது அரிது.

அடுத்தது சசி. தமிழ்ப் புதுக்கவிதையில் இவ்வளவு பிடிவாதமாகப் பெயர் சொல்லி அழைக்கப்பட்ட இன்னொரு பெண்ணை எனக்குத் தெரியவில்லை. ஆனால் கவனித்தால், அந்தத் தொடக்கக் கவிதைகளில் சசியைப் பற்றி நமக்குக் கிடைக்கும் செய்தி மிகக் குறைவு. அவள் அங்கே ஒரு திசை. பேசுகிறவன் போகமுடியாத ஒரு வீடு, நிற்கமுடியாத ஒரு வாசல். அவனுடைய இயலாமையின் அளவை வைத்துத்தான் அவளை ஊகிக்கிறோம். கவிதையின் பலமே இந்தக் குறைவில் இருக்கிறது. யார் அவள், என்ன ஆனாள் என்று நிரப்பத் தொடங்கிய கணத்தில் அவள் ஒரு கதாபாத்திரம் ஆகிவிடுகிறாள். வாசகரும் கவிதையை விட்டுவிட்டுக் கதை கேட்கத் தொடங்கிவிடுகிறார்.

சிலி நாட்டுக் கவிஞர் நெரூதாவுக்கு நடந்ததும் இதுதான். ‘இருபது காதல் கவிதைகள்’ 1924இல் வந்தபோது அவருக்குப் பத்தொன்பது வயது. பிறகு ஐம்பது வருஷமாக எல்லோரும் அவரைக் கேட்டார்கள், யார் அந்தப் பெண் என்று. கடைசியில் தன் நினைவுக்குறிப்பில், ஒருத்தியல்ல, இருவர் என்று சொல்லி, அவர்களுக்கு மரிசோல், மரிசோம்ப்ரா என்று புனைபெயரும் வைத்தார். ஒருத்தி ஊர்ப்பக்கத்துப் பெண், இன்னொருத்தி தலைநகரத்து மாணவி. அந்தத் தகவலால் இருபதில் ஒரு கவிதையாவது கூடுதலாக நல்ல கவிதை ஆயிற்றா? ஆகவில்லை. கெட்டுப்போகவும் இல்லை. ஆனால் எந்தக் கவிதை யாருக்கு என்று பங்குபோடும் வேலை ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது.

சசியின் விஷயத்தில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அவள் பேசுவதே இல்லை. இருபத்து மூன்று வயதுப் பையனின் கவிதையில் அது குறையாகத் தெரியாது. அவள் குரல் அவனுக்கு எட்டாது என்பதுதான் அந்தக் கவிதைகளின் பொருளே. அதே மௌனம் முப்பது, நாற்பது வருஷம் கழித்தும் தொடர்ந்தால் அதற்கு வேறு பெயர். முதிர்ந்த எழுத்தாளர் பழைய காதலுக்குத் திரும்பும்போது, அந்தப் பக்கத்திலிருந்து தெரு எப்படித் தெரிந்திருக்கும், ஒருவன் தினமும் வாசலைக் கடந்துபோவது அந்த வீட்டுப் பெண்ணுக்கு என்னவாக இருந்திருக்கும் என்று ஒரு பக்கமாவது எழுதியிருந்தால், திரும்பிப் பார்த்ததற்கு ஒரு புதுப் பலன் கிடைத்திருக்கும். உரைநடையில் பரிவு நிறைய இருக்கிறது. பார்வை மட்டும் அதே பக்கத்திலேயே நிற்கிறது. கலாப்ரியாவின் மீள்வருகைகளில் மிகப் பலவீனமானது இது என்று கருதுகிறேன்.

இரண்டு குறுங்கவிதைகளை எடுத்துப் பேசினால் என் வாதம் இன்னும் தெளிவாகும். கவிதை வாசிக்கிறவர்கள் பலருக்கு இரண்டும் மனப்பாடம், எடுத்தெழுதத் தேவையில்லை. ஒன்று, அழகு குறைந்த பெண்ணுக்குத் தங்கை என்ற உறவைக் கொடுத்து நழுவிக்கொள்ளும் ஆண் மனதைப் பிடித்த கவிதை. அதில் வருத்தம் தெரிவிக்கும் சொல் ஒன்றுகூட இல்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் விளக்கமும் இல்லை. ஒரு கேவலமான உண்மையை உள்ளபடி வைத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறது. படிக்கிற ஆணுக்குத் தானும் இதைச் செய்திருக்கிறோம் என்று உறைக்கிறது. இதே விஷயத்தை நினைவுக் கட்டுரையில் சொல்ல நேர்ந்தால் என்ன நடக்கும்? அந்த வயசு அப்படி, அந்தக் காலம் அப்படி, இன்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது என்று ஒரு வயதானவர் இடையில் வந்து நிற்பார். அவர் நல்லவர்தான். ஆனால் அவர் வந்ததும் கத்தி உறைக்குள் போய்விடும்.

மற்றது ‘விதி’. கருக்கல் நேரத்தில் வழி தவறிய ஒரு தாய்ப்பறவை தவிக்கிறது. பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு அதன் கூடும் தெரியும், குஞ்சும் தெரியும். பறவையின் மொழிதான் தெரியாது. கவிதை அதோடு முடிகிறது. இதை யார் வாழ்க்கையிலும் பொருத்திக்கொள்ளலாம். யார் வாழ்க்கையும் தேவையும் இல்லை. இந்தக் கவிதை எந்த மாலையில், எந்த மரத்தடியில் பிறந்தது என்று கவிஞரே வந்து சொன்னாலும் நான் கேட்டுக்கொள்வேன். ஆனால் அதனால் கவிதையில் ஒரு எழுத்துக்கூட அதிகமாகிவிடாது. நல்ல கவிதைக்கும் அதன் பிறப்புக் கதைக்கும் உள்ள உறவு இவ்வளவுதான்.

தெருவும் வீடும் வேறு மாதிரி. செழிப்பு வடிந்துகொண்டிருந்த ஒரு குடும்பம், ரதவீதியைச் சுற்றிய சந்துகள், ஆனித்தேர், அக்கம்பக்கத்துக் கண்கள். இவை கவிதையிலும் உரைநடையிலும் ஒரே வலுவோடு வருகின்றன. உரைநடையில் ஒருபடி மேலாகவே வருகின்றன என்றுகூடச் சொல்வேன். காரணம், ஒரு குடும்பம் சரிவதைச் சொல்ல நேரம் வேண்டும், ஆட்கள் வேண்டும், சாப்பாட்டு வேளைகள் வேண்டும். வெட்டி வெட்டிப் போகும் குறுங்கவிதைக்கு அந்தப் பொறுமை கிடையாது. எனவே இந்த விஷயத்தில் பின்னாளைய உரைநடை கவிதைக்கு உரை எழுதவில்லை, கவிதை விட்டுப்போன வேலையை எடுத்துச் செய்கிறது.

ஆறு? பத்திரிகையின் பெயர் ‘பொருநை’, முதல் தொகுப்பின் பெயர் ‘வெள்ளம்’, கட்டுரை நூல் ‘ஓடும் நதி’. பெயர்களைப் பார்த்தால் தாமிரபரணிதான் இவருடைய பெரிய ஊற்று என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டவுன்காரர்களுக்கு ஆறு வாசலில் ஓடுவதில்லை. குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போகிற இடம் அது. முருகன் கோயிலையே வெள்ளம் மூழ்கடித்துப் போகும் அந்தத் துறையின் மூர்க்கம், தெருவைப் பற்றிய அவருடைய கவிதைகளில் இருக்கிற அளவுக்கு ஆற்றைப் பற்றியவற்றில் இல்லை. கலாப்ரியா தெருவின் கவிஞர். தலைப்புகளை நம்பி அவரை நதிக்கரைக் கவிஞர் என்று அழைப்பது விழா மேடைக்குச் சரி, திறனாய்வுக்கு உதவாது.

அதே தெருவில் வளர்ந்த வண்ணதாசனோடு ஒப்பிட்டால் ஏன் இவ்வளவு தயங்குகிறேன் என்று விளங்கும். கல்யாண்ஜி என்ற பெயரில் அவர் எழுதும் கவிதையும், கதையும், ‘அகம் புறம்’ போன்ற கட்டுரையும் ஒரே வெப்பத்தில் இருப்பவை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வாசகர் உடை மாற்றாமலே போகலாம்; அங்கே நினைவு கவிதையைக் கெடுக்காது. விக்ரமாதித்யனுக்கு அந்தச் சிக்கலே எழவில்லை. 1982இல் வந்த ‘ஆகாசம் நீல நிறம்’ முதற்கொண்டு, வீடு திரும்புவதும் திரும்பமுடியாததும் கவிதைக்குள்ளேயே பேசி முடிக்கப்படுகின்றன. கட்டுரை என்று உட்கார்ந்தால் அவர் பெரும்பாலும் மற்றவர் கவிதைகளைப் பற்றித்தான் எழுதினார். கலாப்ரியா ஒருவரிடம்தான் கவிதை ஈரமில்லாமல் வெடுக்கென்று இருக்கிறது, உரைநடை ஈரத்தோடு நிறுத்தி நிதானமாகப் பேசுகிறது. இரண்டும் ஒரே தெருவைச் சொல்கின்றன என்பதால் ஒன்றை மற்றதன் விளக்கமாக எடுத்துக்கொள்ள ஆசை வருகிறது. எடுத்துக்கொண்டால் வெடுக்கென்றிருப்பதுதான் முதலில் காணாமல் போகும்.

வயதாகித் திரும்பிப் பார்த்தாலே மழுங்கித்தான் ஆக வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டியதில்லை. இதே சீமையில் அதற்குச் சான்று இருக்கிறது. பாரதி தன் சுயசரிதையை, ‘கனவு’ என்ற பெயரில், 1910இல் புதுச்சேரியிலிருந்து செய்யுளில் வெளியிட்டார். எட்டயபுரத்துச் சிறுவயதுக் காதல், நெல்லைக்கு இங்கிலீஷ் படிக்க அனுப்பப்பட்டது, தந்தை பட்ட வறுமை, எல்லாம் அதில் உண்டு. ஆனால் அந்தப் படிப்பின்மேல் இருந்த கோபம் துளியும் ஆறவில்லை. எழுதியபோது வயது முப்பதைத் தொடவில்லை என்பது ஒரு காரணம். செய்யுளில் எழுதினார் என்பது அதைவிடப் பெரிய காரணம். உரைநடை ‘அப்போது’, ‘பிறகு’ என்று காலத்தை வரிசைப்படுத்துகிறது. வரிசைப்படுத்தினாலே பாதி சமாதானம் ஆகிவிடுகிறது. கலாப்ரியாவுக்கும் இது தெரியாததல்ல. எண்பதுகளின் முற்பகுதியில் அவர் எழுதிய நெடுங்கவிதைக்குப் பாரதியின் ஊரான எட்டயபுரத்தின் பெயரையே வைத்தார். தன்னுடையதல்லாத ஒரு ஊரை, தன்னுடையதல்லாத ஒரு நினைவைக் கவிதையாக்கும் வலு அவருக்கு இருந்தது என்பதற்கு அது சான்று. சொந்தத் தெருவையும் சொந்தக் காதலையும் மட்டும் வைத்து அவரைப் படிக்கும் பழக்கம் வந்த பிறகு, இந்த நெடுங்கவிதை பேச்சில் பின்தங்கிவிட்டது. நினைவு நூல்களின் வெற்றியால் நேர்ந்த நஷ்டங்களில் இதையும் சேர்க்க வேண்டும்.

எதிர்வாதம் இருக்கிறது, வலுவானதுதான். ‘நினைவின் தாழ்வாரங்கள்’ வராதிருந்தால் ‘வெள்ளம்’ என்ற பெயரையே பலர் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். சிறுபத்திரிகைக் கவிதை சில நூறு பேருக்குள் சுற்றிக்கொண்டிருந்த காலம் அது. கவிஞர் தன் ஊரைக் கதையாகச் சொல்லி வாசகரை அழைத்துவந்தால், அழைத்துவந்த வழியைக் குறை சொல்வது பணக்காரத்தனமான விமர்சனம் என்று ஒருவர் சொல்லலாம். பாதி ஏற்கிறேன். அந்த நூல்களை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஐம்பதுகளின் கடைசியிலிருந்து எழுபதுகள் வரையிலான திருநெல்வேலி டவுனை, தியேட்டரும் கழகமும் கோயிலும் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்த அந்த நடுத்தர வாழ்க்கையை, இவ்வளவு நுணுக்கமாகப் பதிந்த தமிழ் நூல்கள் வேறு அதிகம் இல்லை. சமூக வரலாறு எழுதுகிறவர்கள் இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும். ஏற்காத பாதி இது: வாசகர் வந்து சேர்ந்த இடம் கவிதையாக இருக்க வேண்டும். வாசலிலேயே உட்கார்ந்து கதை கேட்டுவிட்டு எழுந்துபோகிறவர் வீட்டுக்குள் வந்தவர் ஆகமாட்டார்.

ஆகவே என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். ஊர், காலம், இயக்கம், வீட்டின் சரிவு இவற்றுக்குக் கலாப்ரியாவின் உரைநடை நம்பத்தகுந்த சாட்சி. சில இடங்களில் அவர் கவிதையையும் மிஞ்சிய இலக்கியம். சசியைப் பொறுத்தவரை அது கவிதையின் இடைவெளிகளை அடைத்துவிடுகிறது. அதைத் தள்ளிவைத்துவிட்டே அந்தக் கவிதைகளைப் படிக்க வேண்டும். சினிமாவைப் பொறுத்தவரை அது முக்கியமானதை விட்டுவிட்டு ருசியானதைச் சொல்கிறது; வடிவத்தில் சினிமா செய்த வேலையை விமர்சகர்கள்தான் இனி எழுதிக்காட்ட வேண்டும். மொத்தத்தில், ‘வெள்ளம்’ தொடங்கி ‘மற்றாங்கே’ தொகுப்பு வரையிலான கலாப்ரியா, பின்னாளில் தன்னைப் பற்றிப் பேசிய கலாப்ரியாவைவிடக் கடுமையானவர், பெரியவர்.

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மொத்தத் தொகுப்பாக வந்திருக்கும் ‘கலாப்ரியா கவிதைகள்’ நூலை முதலில் வாங்குங்கள். அதில் தொடக்கத் தொகுப்புகளையும் ‘எட்டயபுரம்’ நெடுங்கவிதையையும் படித்து, புரியாத இடங்களைப் புரியாமலே சில மாதம் வைத்திருந்துவிட்டு, அதற்குப் பிறகு ‘நினைவின் தாழ்வாரங்க’ளைத் திறங்கள்.